இரண்டாம் பக்கம், இருபத்தைந்தாம் நிமிடம்

1

"ஐப்பசி 12. முதல் பக்கம் பாட்டு. இரண்டாம் பக்கம் பாட்டு மூணு, அப்புறம் கடுதாசி. கடைசி வரைக்கும் கேட்கவும்."

கேசட் பெட்டிக்குள் செருகியிருக்கும் அட்டையில் என் அண்ணன் செல்வராசு நீல மையில் எழுதிய வரிகள் இவை. வருடம் போடவில்லை. அவர் எப்போதும் தமிழ் மாதமும் தேதியும் மட்டுமே போடுவார். அதற்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவில் என் கையெழுத்து: "பதில் பதிவு: நவ. 14, சனி."

இளம் வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டும். அண்ணன் காரைக்கால் பக்கம் நெரவியில் வீடும் கோவில்பத்தில் மைக் செட் கடையும் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். நான் பிரான்சுக்கு வந்த பிறகு எனக்காகப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து, கடைசியில் மைக்கைப் பிடித்து ஊர்ச் சங்கதி பேசி, யாராவது புறப்படும்போது கொடுத்தனுப்புவார். நான் கேட்டுவிட்டு, அவர் பேசிய பக்கத்தின் மேலேயே என் பதிலைப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் திருப்பிக் கொடுப்பேன். ஒரே கேசட் ஐந்தாறு தடவை கடல் தாண்டும். காரைக்காலில் இருந்து வந்த பல குடும்பங்கள் இப்படித்தான் செய்தன. புதுக் கேசட் வாங்க முடியாமல் அல்ல. அதுதான் வழக்கம், அவ்வளவுதான். ஒவ்வொரு பதிலும் அதற்கு முந்திய கடிதத்தை அழித்துவிடும் என்பது எங்களில் யாருக்கும் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. கேட்டாயிற்று, பிறகு எதற்கு?

ஐப்பசி 12 என்று போட்ட கேசட்தான் கடைசி. அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து கேசட் வரவில்லை.

2

மகள் நித்யா வேலை கிடைத்து லியோனுக்குப் போனபின் அவளுடைய அறை காலியாக இருந்தது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொன்னதும் மேசையை அங்கே போட்டேன். அளந்தேன்: இரண்டு மீட்டர் அறுபது நீளம், இரண்டு மீட்டர் பத்து அகலம். ஒரு ஜன்னல். வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசிக்கிறார்.

வீட்டில் வேலை பார்ப்பதற்கு அலுவலகம் நான்கு பக்கப் படிவம் ஒன்றை அனுப்பியது. மின் இணைப்பு ஒழுங்கானதா, நாற்காலியின் உயரம் என்ன, அறையில் ஒலி எழுப்பும் கருவி உண்டா, உண்டானால் என்ன காரணத்துக்காக. முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டின் படிவங்களை நிரப்பி வருகிறேன். "என்ன காரணத்துக்காக" என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. "இசை" என்று எழுதி அனுப்பினேன்.

அது பாதி உண்மை. பாட்டுக் கேட்க ஆசை இருந்தது. ஆனால் சென்ற மாசியில் அண்ணனின் தலைத்திவசத்துக்குப் போயிருந்தபோது அண்ணி ஒரு பெட்டியைக் கொடுத்தார். பஞ்சு வைத்து மைக்குகளை அடுக்கும் சின்ன சூட்கேஸ். உள்ளே பதினோரு கேசட்டுகள். அவற்றைக் கேட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நித்யாவிடம் அறைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டேன். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் பிரெஞ்சில் வரும். அன்று சிரமப்பட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"அப்பா, ஒரு சின்ன புளூடூத் வாங்குங்க. போதும். உங்களுக்கு மெஷின் எல்லாம் வேண்டாம்."

அண்ணன் இருந்தால் புளூடூத் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, இது யாருக்குக் கேக்கும், எறும்புக்கா என்றிருப்பார்.

3

கடைக்கு இரண்டு சனிக்கிழமைகள் போனேன். முதல் நாள் அலமாரியில் வைக்கும் சிறு பெட்டிகள் இரண்டையும் அவற்றுக்கு ஓர் ஆம்ப்ளிபயரையும் கேட்டுப் பார்த்தேன். கடையில் அருமையாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் அடித்தொனி அறை முழுக்கக் குமுறியது. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வை, மூலையில் வைக்காதே என்பது அண்ணனின் பாடம். இரண்டு மீட்டர் அறையில் ஒரு முழம் தள்ளினால் பெட்டி என் மடியில்தான் உட்கார வேண்டும். மூன்றாம் நாள் ஆசிரியை அம்மையார் கதவிடுக்கில் ஒரு சீட்டுச் செருகியிருந்தார். மிக மரியாதையான பிரெஞ்சு. உங்கள் இசை எனக்கு ஓரளவு பிடித்திருக்கிறது, ஆனால் என் சமையலறையில் அல்ல என்று எழுதியிருந்தார். பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஹெட்போன் என்று முடிவு செய்தேன். விற்பனையாளர் இளைஞர், பொறுமைசாலி. என்ன கேட்பீர்கள் என்றார். என் அண்ணனின் குரல் என்று சொன்னேன். அண்ணன் பாடகர் என்று அவர் எடுத்துக்கொண்டார். எந்த வகைப் பாட்டு என்றார். விளக்க என் பிரெஞ்சு போதும், மனம்தான் போதவில்லை. மெதுவான குரல், நிறைய இரைச்சலுக்கு நடுவே, என்று மட்டும் சொன்னேன். அவர் யோசித்து இரண்டு ஹெட்போன்களை எடுத்து வைத்தார். ஒன்று பின்புறம் திறந்தது. பாட்டு விசாலமாகக் கேட்கும், நீண்ட நேரம் போட்டிருக்கலாம். மற்றது மூடியது, வெளிச்சத்தம் உள்ளே வராது, காது வேர்க்கும். பாட்டுக்குத் திறந்தது, வேலைக்கு மூடியது என்றார்.

மூடியதை வாங்கினேன். கேசட் டெக் ஒன்றைப் பழைய பொருள் விற்கும் முதியவர் ஒருவரிடம் வாங்கி, தளர்ந்திருந்த பெல்ட்டை மாற்றி, நாடா உரசும் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. ஹெட்போனை டெக்கில் நேராகச் செருகினால் ஒலி போதவில்லை. நடுவில் வைக்க உள்ளங்கை அளவு ஆம்ப்ளிபயர் ஒன்று. எல்லாம் மேசையின் இடது மூலையில் ஒரு துண்டு பலகை மேல் அடங்கிவிட்டன. என் மனைவி ஜெயந்தி எட்டிப் பார்த்து, ஒங்க அண்ணன் கடைய இங்க தொறந்துட்டீங்க என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள்.

4

இனி ஊர்க்கதை.

ஜெயந்தி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண். அந்த வழியில்தான் நான் இங்கே வந்தேன். வந்த மூன்றாம் ஆண்டு அப்பா இறந்தார். அப்போது என் தங்கும் அட்டை புதுப்பிப்பில் இருந்தது. கையில் ரசீது மட்டும். அதை வைத்துக்கொண்டு வெளியேறினால் திரும்பி வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் ஒருவரே கருமாதி செய்தார். அதன் பிறகும் கேசட்டுகள் வந்தன, ஆனால் குற்றவுணர்வு எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஆகவே ஐந்தாம் ஆண்டில் கேசட் நின்றதும், தொலைபேசியில் கூப்பிட்டால் அண்ணன் வராமல் அண்ணியே பேசியதும், கோபம் என்றே முடிவு கட்டினேன். கோபம் தணியட்டும் என்று நானும் கூப்பிடுவதைக் குறைத்தேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போனேன். கடை வாசலில் நின்று அண்ணே என்றேன். அவர் குழாய் ஸ்பீக்கருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. இரண்டாம் தடவையும் திரும்பவில்லை. கடைக்கு வந்திருந்த கருக்களாச்சேரிக்காரர் ஒருவர், வலைக்காரர், என் தோளைத் தட்டி, அவருக்குக் காது கேக்காதுங்க, முன்னால போயி நில்லுங்க என்றார்.

இரண்டு காதும் போய்விட்டிருந்தன. கருவி வைத்துப் பார்த்தார்களாம். குழாய் ஸ்பீக்கர் பக்கம் போனதும் கருவியே கூவுகிறது என்று கழற்றி எறிந்துவிட்டாராம். ஆனாலும் தொழிலை விடவில்லை. ஆம்ப்ளிபயரில் முள் ஆடுவதைக் கண்ணால் பார்ப்பார். பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்ப்பார். முன்பெல்லாம் செட் போட்டு முடித்ததும் பந்தலின் கடைசி வரிசைக்கு நடந்துபோய் அங்கே நின்று கேட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். இப்போது அந்த வேலைக்கு வேறு ஒருவரை அனுப்பி, கை ஜாடையில் பதில் வாங்கினார்.

நான் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன்: "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என் வழக்கப்படி மேலே தேதியும் போட்டேன். அண்ணன் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்தார்.

சென்ற மாசியில், பிண்டம் வைத்து முடித்து எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, அண்ணி அந்தப் பத்திரிகையை என் முன் வைத்தார். மைக் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"இத எங்கிட்ட காட்டி 'பாரு'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் கேக்குறேன் தம்பி, அவரு உங்ககிட்ட சொல்லலையா?"

இல்லை என்றேன்.

"கேசட்டுல சொன்னாரு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வலது காது போயிடுச்சு, இடது காது பாதி இருக்கு, ஆபரேஷன் பண்ணுனா நிக்கும்னு பாண்டிச்சேரி டாக்டர் சொல்றாரு, ஒங்க ஊர்ல பெரிய டாக்டர்கிட்ட விசாரிச்சு என்னயக் கூப்புட்டுக்க முடியுமான்னு கேட்டாரு. யார்கிட்டயும் எதுவும் கேக்காத மனுஷன். நீங்க பதில் அனுப்புனீங்க. அதுல இதப் பத்தி ஒண்ணும் இல்ல போலிருக்கு. அதுக்கப்புறம் அவரு அந்தப் பேச்சையே எடுக்கல. போன்ல என்னயும் எடுக்கக் கூடாதுன்னுட்டாரு."

நான் அப்படி ஒரு கேசட்டைக் கேட்டதே இல்லை, வேறு யாருக்காவது அனுப்பியதாக இருக்கலாம் என்றேன். அண்ணி கோபப்படவில்லை.

"ஒங்களுக்குத்தான் தேதி எல்லாம் தெரியுமே தம்பி. எந்தக் கெழமையில மழ பேஞ்சுதுன்னு கூட எழுதி வச்சிருப்பீங்க. இதையும் பாத்து எனக்குச் சொல்லுங்க."

5

பார்த்தேன். பிரான்சு வந்த நாளிலிருந்து ஆண்டுக்கு ஒரு நோட்டு எழுதுகிறேன். ஐந்தாம் ஆண்டு நோட்டு, பச்சை அட்டை. நவம்பர் 14, சனி:

"மாலை 5.30: பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வழியாக அண்ணன் கேசட் வந்தது. அவரது நண்பர் இன்றே ஊருக்குப் புறப்படுகிறார். 7.00: ஸ்டேஷனில் அந்த நண்பரிடம் பதில் கேசட் கொடுத்தேன். அண்ணன் பாட்டுகள் நன்று. குளிர்."

கணக்குப் போடுவது என் பழக்கம். அன்று அந்தப் பழக்கத்தை வெறுத்தேன். அந்தக் காலத்து வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை இருபத்தைந்து நிமிடம். மீதி அறுபத்தைந்து. கேசட் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம் ஓடும். நான் பதில் பேசியது, இப்போது அளந்ததில், இருபத்தைந்து நிமிடம். அதைக் கழித்தால் நாற்பது. முதல் பக்கத்தின் பாட்டுகளையே நான் முழுதாகக் கேட்டிருக்க முடியாது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டதே பதில் பதிவதற்காகத்தான்.

அட்டையில் அவர் எழுதியிருந்தார், கடைசி வரைக்கும் கேட்கவும் என்று. அந்த வரிக்கு நேர் கீழேதான் நான் தேதி போட்டிருக்கிறேன்.

6

ஒரு நம்பிக்கை மீதி இருந்தது. நான் அழித்தது முதல் இருபத்தைந்து நிமிடம். மூன்று பாட்டுக்குப் பிறகு தொடங்கிய அவர் கடிதம் அதைத் தாண்டி நீண்டிருந்தால் வால் பகுதி நாடாவில் இருக்க வேண்டும்.

முதலில் நித்யாவிடம் கேசட்டைக் கொடுத்தேன். அவள் லியோனுக்கு எடுத்துப்போய்க் கணினியில் ஏற்றி, சத்தத்தைச் சுத்தம் செய்யும் ஏதோ ஒன்றில் போட்டு அனுப்பினாள். என் குரல் கண்ணாடிபோல் இருந்தது. இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு மௌனம். மீதி வெறும் இரைச்சல் அப்பா, அதான் எடுத்துட்டேன் என்றாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பெரியப்பாவின் பேச்சுக் குரலை அவள் கேட்டதே இல்லை. எது இரைச்சல், எது அவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் கேசட்டைத் திரும்ப வாங்கி வந்தேன்.

இதற்காகத்தான் அந்த இரண்டு சனிக்கிழமைகளும், மூடிய ஹெட்போனும். அலுவலக வேலை முடிந்த ஒரு வியாழக்கிழமை மதியம் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் என்னையே கேட்க வேண்டியிருந்தது. முப்பத்து சொச்சம் வயதுக் குரல், உற்சாகமானது. புது வீட்டுக்கு லிப்ட் இருக்கிறது என்கிறேன். பனியைப் பற்றிச் சொல்கிறேன். அடுத்த தடவை இன்னின்ன பாட்டுப் பதிந்து அனுப்பச் சொல்கிறேன். பிறகு இந்த வரிகள்:

"ரெண்டு பக்கமும் கேட்டேண்ணே. ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா சத்தம் கம்மியா இருக்கு, அடுத்த தடவ கொஞ்சம் கூட்டி வச்சுப் பதி."

அது மரியாதைக்குச் சொன்ன பொய். கேட்டேன் என்று சொல்லாமல் யாரும் பதில் பதிவதில்லை. கடிதம் எழுதினால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதைப் போல.

பிறகு பொத்தான் எழும்பும் சத்தம். இரைச்சல். ஆம்ப்ளிபயரின் குமிழை முக்கால் சுற்றுத் திருப்பினேன். இரைச்சலுக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுவதுபோல், அண்ணன்:

"...அதான்ப்பா. வேற ஒண்ணும் இல்ல. நீ சொல்றதப் பொறுத்துதான் நான் முடிவு பண்ணணும். ஜெயந்திய விசாரிச்சதாச் சொல்லு."

பதினொரு விநாடி. அதன்பின் நாடா முடியும்வரை ஒன்றுமில்லை. கேள்வி என் குரலுக்கு அடியில் இருக்கிறது. எந்த ஹெட்போனும் அதை எடுக்காது. காது வேர்த்திருந்தது, கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அன்று மட்டும் பதினான்கு முறை கேட்டதாக இந்த ஆண்டு நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அந்த அறையில் இதுவரை ஒரு பாட்டும் கேட்கவில்லை.

7

இரண்டாம் ஆண்டுத் திதி நெருங்குகிறது. ஆங்கிலத் தேதியில் அது இந்த ஆண்டு பதினோரு நாள் முன்னால் விழுகிறது. அதைக் கேட்க அண்ணியைக் கூப்பிட்டேன். திதியைப் பற்றி இரண்டு வார்த்தை; பிறகு அவரே, கேட்டீங்களா தம்பி என்றார்.

கேட்டேன் என்றேன். இந்தத் தடவை உண்மை. நான் முழுதும் கேட்காமலே பதில் பதிந்ததையும், இரண்டு பக்கமும் கேட்டதாகப் பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசி மூன்று வரி மிச்சம் இருக்கிறது அண்ணி என்றேன். போடுங்க என்றார். ஹெட்போனைக் கழற்றி அலைபேசியின் வாயில் வைத்துப் போட்டேன். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன்.

"இது அவரோட பழைய கொரலு," என்றார். "காது போனதுக்கப்புறம் கத்தித்தான் பேசுவாரு. அவரு பேசுறது அவருக்கே கேக்காதுல்ல. இது எப்புடி மெதுவாப் பேசுறாரு பாருங்க."

நான் கேட்க வேண்டியது அங்கேதான் இருந்தது. என் பதில் கேசட் வந்தபோது அண்ணனுக்கு இடது காது கேட்டதா? அதை அவர் கேட்டாரா?

"எனக்குத் தெரியாது தம்பி. கார்த்திகையில என்னயப் பிரசவத்துக்குத் திருமலராயம்பட்டினம் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தையிலதான் வந்தேன். வந்தப்ப அந்தக் கேசட்டு பெட்டிக்குள்ள இருந்துச்சு. இதுல என்ன சொல்லிருக்காருன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாரு. நான் பேசுனது அன்னைக்கு அவருக்குக் கேட்டுச்சா, ஒதட்டப் பாத்துச் சொன்னாரான்னு இப்ப யோசிச்சா எனக்கே தெரியல."

பிறகு, திதிக்கு வருகிறீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்துவிடச் சொன்னார்.

என்னிடம் உள்ள சான்றுகள் இவை: கேசட் அட்டை, ஐந்தாம் ஆண்டு நோட்டு, பதினொரு விநாடிக் குரல், அண்ணியின் சொல். குரல் மெதுவாக இருப்பதால் ஐப்பசி 12 அன்று அவருக்கு ஒரு காதாவது கேட்டிருக்கும் என்று கொள்ளலாம். ஆனால் பதிவு அளவைக் குறைத்து வைத்திருந்தாலும் குரல் மெல்லிதாகத்தான் கேட்கும். அதை நானே அன்று குறையாகச் சொல்லியிருக்கிறேன். கேசட் திரும்பி நெரவி சேர்ந்த நாள் தெரியவில்லை. கொண்டுபோனவர் பெயரை நோட்டில் எழுதவில்லை. பாண்டிச்சேரி மருத்துவரின் சீட்டுகளை அண்ணி வீடு முழுக்கத் தேடிவிட்டார். ஒரு மழை வெள்ளத்தில் போன காகிதக் கட்டுகளோடு அவையும் போயிருக்கலாம் என்கிறார்.

என் பதில் போய்ச் சேர்வதற்குள் இடது காதும் போயிருந்தால், அண்ணன் ஆம்ப்ளிபயரின் முள் ஆடுவதை மட்டும் இருபத்தைந்து நிமிடம் பார்த்திருப்பார். நான் ஏதோ சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். போகாமல் இருந்தால், இரண்டு பக்கமும் கேட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டிருப்பார். என் அண்ணனின் காது அன்றைக்குள் முழுதும் போயிருக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

அது உறுதியாகவில்லை.